நெட்வொர்க் உங்களைத் தலைகுனிய வைத்த நாள் எது?

மக்கன்பேடா:
ராணிப்பேட்டையில் ஒரு தோல் கம்பெனி ஆபீஸ். மாதக் கடைசி, கன்டெய்னர் வாசலில் நிற்கிறது, இன்வாய்ஸ் பிரின்ட் ஆகவில்லை. சர்வருக்குப் பிங் (இருக்கிறாயா என்று கேட்கும் சோதனைச் செய்தி) போட்டால் பத்தில் ஒன்றுதான் திரும்பி வருகிறது. ரூட்டரை மூன்று முறை அணைத்துப் போட்டேன், லைன் கொடுத்தவரையும் போனில் திட்டித் தீர்த்தேன். அப்புறம்தான் மேசைக்கடியில் குனிந்து, எல்லாக் கம்ப்யூட்டர் வயரும் வந்து சேரும் நெட்வொர்க் சுவிட்சைப் பார்த்தேன். பச்சை விளக்குகள் எல்லாம் சாமி வந்த மாதிரி ஒரே வேகத்தில் துடிக்கின்றன. ஒரு வயரின் இரண்டு முனையும் அதே சுவிட்சில்! பெருக்க வந்த அக்கா எட்டிப் பார்த்து, "ஒரு முனை கீழ தொங்கிட்டு இருந்துச்சு தம்பி, நான்தான் காலையில சொருகினேன்" என்றார். பிடுங்கியதும் பிரின்டர் ஓட ஆரம்பித்தது. மேனேஜர் அக்காவைப் பிடித்துக்கொண்டார். நான் வாயே திறக்கவில்லை.

பாலாற்று மணல்:
நம்ப முடியவில்லை. நெட்வொர்க்கில் போகும் தகவல் துண்டான பாக்கெட்டுக்கு டிடிஎல் என்ற ஆயுள் எண் உண்டு, குறைந்துகொண்டே வந்து பூஜ்யமானால் செத்துவிடும். வயர் வளையமானாலும் அது எப்படிச் சுற்றிக்கொண்டே இருக்கும்? சுவிட்சே பழுதாக இருந்திருக்கும்.

சத்துவாச்சாரி:
மணல் சார், டிடிஎல் இருப்பது பாக்கெட்டின் விலாசப் பகுதியான ஐபி ஹெட்டரில், அதைக் குறைப்பது ரூட்டர். சுவிட்ச் பார்க்கும் வெளி உறையான ஈதர்நெட் ஃபிரேமில் அப்படி ஒன்றே கிடையாது. "இந்த ஐபி விலாசம் யாருடையது?" என்று ஒரு கம்ப்யூட்டர் ஏஆர்பி என்ற முறையில் கேட்டால் அது பிராட்காஸ்ட், அதாவது எல்லாருக்குமான செய்தி. வந்த போர்ட்டை (வயர் சொருகும் துளை) விட்டு மற்ற எல்லாவற்றுக்கும் சுவிட்ச் அனுப்பும். வயர் வளையமாக இருந்தால் ஒரு முனையில் போனது மறுமுனையில் உள்ளே வரும், மறுபடி எல்லாருக்கும் போகும். பிடுங்கும்வரை ஓயாது. இதற்காகத்தான் கம்ப்யூட்டர் விஞ்ஞானி ராடியா பெர்ல்மன் 1985இல் ஸ்பானிங் ட்ரீ என்ற முறையை உருவாக்கினார். வளையம் இருந்தால் ஒரு போர்ட்டை அடைத்துவிடும். மலிவான சுவிட்சில் பெரும்பாலும் அது இருக்காது.

என் கதை குடியாத்தத்தில். யாரோ வீட்டு வைஃபை ரூட்டரைக் கொண்டுவந்து சொருக, அது டிஹெச்சிபியில் (கம்ப்யூட்டர்களுக்குத் தானாக விலாசம் கொடுக்கும் முறை) தப்பான கேட்வே, அதாவது வெளியே போகும் வழி, கொடுத்து, பாதி ஆபீஸ் படுத்துவிட்டது. அதனால் சொல்கிறேன்: செட்டிங் மாற்றக்கூடிய மேனேஜ்டு சுவிட்ச் வாங்குங்கள், வயரின் இரண்டு முனையிலும் லேபிள் ஒட்டுங்கள், சும்மா இருக்கும் போர்ட்டை அணைத்து வையுங்கள், சுவிட்சைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டுங்கள், அதையும் துடைப்பம் எட்டாத உயரத்தில்...

மக்கன்பேடா:
லேபிள் எல்லாம் ஒட்டியாயிற்று அண்ணா. முந்தின நாள் டெஸ்ட் செய்துவிட்டு அந்த முனையைத் தொங்கவிட்டுப் போனது நான்தான். அதைச் சொல்லத்தான் எழுதினேன்.

சத்துவாச்சாரி:
கழற்றினால் இரண்டு முனையையும் கழற்ற வேண்டும் தம்பி. அது எத்தனை போர்ட் சுவிட்ச்?