சாரிசார்டுக்கு வெறும் 120தானா?

மதுரையில் 2004 வாக்கில் எங்கள் பள்ளிக்கு எதிரே இருந்த பெட்டிக்கடையில் போக்கிமான் கார்டு பாக்கெட்டுகள் சரம் சரமாகத் தொங்கும். எங்களுக்குத் தெரிந்த கார்டு விளையாட்டு மல்யுத்தக்காரர்களின் ட்ரம்ப் கார்டு ஒன்றுதான். எடை, மார்பளவு, பைசெப்ஸ் என்று ஏதாவது ஒன்றைச் சொல்ல வேண்டும். எண் பெரிதாக இருப்பவனுக்கு இரண்டு கார்டும். போக்கிமானையும் அப்படியே ஆடினோம். மூலையில் ஹெச்.பி. என்று, எவ்வளவு அடி தாங்கும் என்பதற்கு ஒரு எண் இருக்குமே, அதை மட்டும் பார்ப்போம். என்னிடம் நெருப்பு கக்கும் டிராகன் மாதிரியான சாரிசார்ட் ஒன்று இருந்தது, 5000 ஹெச்.பி. வகுப்பில் அதை ஜெயித்த ஆளில்லை.

அப்புறம் வேலைக்காக டோக்கியோ போனபோது, அகிஹபாராவில் ஒரு கார்டுக் கடையின் கண்ணாடிப் பெட்டிக்குள் 1996இல் வந்த முதல் தொகுப்பின் சாரிசார்டைப் பார்த்தேன். மிட்சுஹிரோ அரிதா வரைந்த அதே படம். ஹெச்.பி. 120. அப்போ என்னுடைய 5000 போலி. சிரிப்பு வந்துவிட்டது, கொஞ்சம் வலிக்கவும் செய்தது.

அலுவலக நண்பர் ஒருவர்தான் முறையாக ஆடச் சொல்லிக்கொடுத்தார். ஆளுக்கு 60 கார்டு. சாரிசார்டை நேராக இறக்க முடியாது. முதலில் அதன் குட்டி வடிவமான சார்மாண்டர், அதன்மேல் கொஞ்சம் வளர்ந்த சார்மீலியன், அதற்குப் பிறகுதான் இவர். அடிக்க நான்கு எனர்ஜி கார்டு வேண்டும், ஒரு முறைக்கு ஒன்றுதான் வைக்கலாம். ஒரே அடியில் 100 சேதம். ஆனால் அடித்ததும் இரண்டு எனர்ஜியைக் கழற்றிப் போட வேண்டும். பள்ளி நாளில் பாக்கெட்டில் எனர்ஜி கார்டு வந்தால் ‘வேஸ்ட்’ என்று அங்கேயே எறிந்துவிட்டு வருவோம். விளையாட்டின் உயிரே அதில்தான் இருந்திருக்கிறது.

*

மதுரைக்காரரே, போலி கார்டில் நீங்கள் சின்ன வயதில் ஏமாந்தீர்கள், நான் நாற்பதைத் தாண்டி ஏமாந்தேன். மகன் பிறந்தநாளுக்கு ஆன்லைனில் ஒரு பெட்டி வாங்கினேன், உள்ளே அத்தனையும் தங்க நிறம். அவன் ஒன்றை எடுத்து வளைத்துப் பார்த்துவிட்டு, “அப்பா, இது பிளாஸ்டிக்” என்றான். சாதாரண அட்டையாக இருந்தால் செல்போன் டார்ச்சைப் பின்னால் பிடித்துப் பாருங்கள். அசல் கார்டின் நடுவில் கறுப்பாக ஒரு அடுக்கு உண்டு, வெளிச்சம் அதிகம் தெரியாது. போலி பெரும்பாலும் பளிச்சென்று தெரியும்.

*

உங்களுக்கு சாரிசார்ட் என்றால், எனக்கு மேஜிகார்ப் என்ற கெண்டை மீன் மேல்தான் பிரியம். முதல் தொகுப்பில் அதற்கு ஹெச்.பி. 30. அதன் ஒரு தாக்குதலில், வாங்கிய அடி எவ்வளவோ அவ்வளவையும் திருப்பிக் கொடுக்கும். பயந்துவிடாதீர்கள், 20 வாங்கியிருந்தால் 20 கொடுக்கும். 30 வாங்கினால் ஆளே காலி. தப்பித்துக் கிடந்தால் அதன்மேல் அது வளர்ந்து ஆகும் டிராகன் மாதிரியான கியாராடோஸை வைக்கலாம், 100 ஹெச்.பி. அருவியேறிய கெண்டை டிராகனாகும் என்று சீனாவிலும் ஜப்பானிலும் சொல்வார்களே, அந்தக் கதைதான்.

சைடக் வாத்தையும் விட மாட்டேன். அதற்குத் ‘தலைவலி’ என்றே ஒரு தாக்குதல் உண்டு. அது விழுந்தால் எதிராளி அடுத்த முறை ட்ரெயினர் கார்டே, அதாவது ஆடுபவருக்கு உதவும் கார்டே, போட முடியாது. போன தீபாவளிக்கு அண்ணன் பையன் கை நிறைய ட்ரெயினர் கார்டை வைத்துக்கொண்டு, “சித்தப்பா, அந்த வாத்தை எடுங்க” என்று கெஞ்சினான். நான் எடுக்கவில்லை.