மகள் படிக்கும் நாவல்கள் இவ்வளவு கசப்பாக முடியலாமா?

மதுரை மீனா:

எல்லோருக்கும் வணக்கம். என் மகள் ஒன்பதாம் வகுப்பு. ஆங்கிலத்தில் ‘யங் அடல்ட்’ என்று போட்டு வருகிற நாவல்களைத்தான் இப்போது விடாமல் படிக்கிறாள். போன வாரம் ராபர்ட் கார்மியரின் ‘தி சாக்லேட் வார்’ முடித்த அன்றைக்கு ராத்திரி சரியாகச் சாப்பிடவே இல்லை. “அந்தப் பையன் தோத்துட்டான்மா, ஒருத்தரும் அவன் பக்கம் வரல” என்று மட்டும் சொன்னாள். அப்படி என்னதான் இருக்கிறது என்று நானும் படித்தேன். மனசு கனத்துப் போச்சு.

பதினாலு வயதுப் பிள்ளைக்கு இப்படி முடிகிற கதை வேண்டுமா? நல்லபடியாக முடிகிறதாகப் பார்த்து எடுத்துக் கொடுக்கலாமா? நீங்கள் படித்ததை வைத்துச் சொல்லுங்கள். முடிவைப் பற்றித்தான் கேட்கிறேன், அதனால் கதையைச் சொல்லிவிட்டாலும் பரவாயில்லை.

ஈரோடு வாடகை நூலகம்:

மீனா, உங்கள் மகள் சாப்பிடாமல் எழுந்தது கவலைப்பட வேண்டிய விஷயமாக எனக்குத் தோன்றவில்லை. அவள் அந்தப் புத்தகத்தை உண்மையாகவே படித்திருக்கிறாள்.

நான் வாடகை நூலகம் நடத்துகிறேன். டியூஷன் முடிந்து வரும் பிள்ளைகளுக்குக் கொடுப்பதற்கு முன்னால் இந்த நாவல்களை நானும் படித்துவிடுவேன். திருப்பித் தரும்போது எப்படி இருந்தது என்று கேட்பேன். எல்லாம் சுபமாக முடிந்த கதை என்றால் “நல்லாருந்துச்சு ஆன்ட்டி”யோடு சரி. ‘சாக்லேட் வார்’ வாங்கிப் போனவர்கள் மேசையருகே நின்று என்னோடு சண்டையே போட்டிருக்கிறார்கள்.

பள்ளிக்குப் பொறுப்பாக இருக்கும் பிரதர் லியோன் 20,000 பெட்டி சாக்லேட்டை வாங்கிக் குவித்துவிட்டார். பையன்கள் தலைக்கு 50 பெட்டி விற்றாக வேண்டும். கதாநாயகன் ஜெர்ரி முதலில் மறுப்பது, ‘விஜில்ஸ்’ என்கிற மாணவர்களின் ரகசியக் கூட்டம் பத்து நாளைக்கு மறுக்கச் சொல்லிக் கட்டளையிட்டதால்தான். அந்தக் கெடு முடிந்த மறுநாளும் பெயர் கூப்பிடும்போது “இல்லை” என்கிறான். ஏன் சொன்னோம் என்று அவனுக்கே விளங்கவில்லை. அந்தப் பக்கத்துக்காகவே இந்த நாவலை எத்தனை பேருக்கு வேண்டுமானாலும் கொடுப்பேன். வளரும் பிள்ளையின் முதல் சொந்த முடிவு அப்படித்தான் வாயிலிருந்து வருகிறது, காரணம் பிறகுதான் வந்து சேர்கிறது.

கார்மியரின் மகன் நிஜமாகவே தன் பள்ளியில் சாக்லேட் விற்க மறுத்தவன். யாரும் அவனை ஒன்றும் செய்யவில்லை. செய்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அப்பா யோசித்ததில் பிறந்தது இந்தக் கதை. முடிவை மாற்றச் சொன்ன பதிப்பாளர்களுக்கு அவர் இணங்கவில்லை. 1974இல் அவர் எழுதிய முடிவோடேயே வெளியானது. அடிபட்டுக் கிடக்கும் ஜெர்ரி தன் நண்பனிடம், எதிர்க்காதே, அவர்கள் சொல்வதைச் செய்துவிடு என்று சொல்லத் தவிக்கிறான். அதைப் படிக்கிற பிள்ளைக்கு “அப்படிச் சொல்லாதேடா” என்று கத்தத் தோன்றும். உங்கள் மகள் அன்றைக்கு அதைத்தான் மனசுக்குள் கத்தியிருப்பாள். ஜெர்ரியைக் கடைசி அத்தியாயத்தில் ஜெயிக்க வைத்திருந்தால் அந்தக் கோபத்துக்கு இடமே இருந்திருக்காது.

சூசன் காலின்ஸின் ‘தி ஹங்கர் கேம்ஸ்’ (2008) கதையை வில்லும் சண்டையும் என்று ஒதுக்குகிறவர்கள் உண்டு. சாகும்வரை சண்டை போடும் ஒரு போட்டிக்குப் பிள்ளைகளைச் சீட்டுக் குலுக்கி எடுக்கிற நாட்டின் கதை அது. என்னை உலுக்கியது அதில் வரும் தானியக் கணக்கு. ஒரு ஆளுக்கு ஒரு வருஷத்துக்கான கொஞ்சம் தானியமும் எண்ணெயும் வேண்டுமானால், பிள்ளை தன் பெயரை இன்னொரு தடவை சீட்டில் எழுதிப் போட வேண்டும். போட்ட சீட்டுகள் வருஷா வருஷம் சேர்ந்துகொண்டே போகும். கதாநாயகி காட்னிஸ் பெயரில் 20 சீட்டு, அவள் நண்பன் கேல் பெயரில் 42. வீட்டில் அடுப்பு எரிய எரிய, சாகும் வாய்ப்பு கூடுகிறது. ஏழை வீட்டில் மூத்த பிள்ளையாகப் பிறந்தவர்களுக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. மூன்றாம் பாகத்தின் முடிவும் அந்தக் கணக்குக்கு நேர்மையானது. எந்தத் தங்கைக்காக அவள் களத்தில் இறங்கினாளோ அந்தத் தங்கையே பிழைக்கவில்லை. காட்னிஸின் குழந்தைகள் கடைசியில் விளையாடுவது செத்தவர்களைப் புதைத்த புல்வெளியில். அதன் வெற்றிக்குப் பிறகு வரிசையாக வந்த நாவல்கள் பலவற்றை என்னால் முடிக்க முடியவில்லை. ஊரே பற்றி எரிந்தாலும் கதாநாயகி எந்தப் பையனைத் தேர்ந்தெடுப்பாள் என்பதுதான் அவற்றில் பெரிய கேள்வி.

ஒன்றே ஒன்று சிபாரிசு செய் என்றால் ‘தி அவுட்சைடர்ஸ்’ கொடுப்பேன். எஸ்.ஈ. ஹின்டன் அதை எழுதத் தொடங்கியபோது அவருக்கு வயது 15, 1967இல் வெளியானபோது 18. அப்பா அம்மா விபத்தில் போன பிறகு மூன்று அண்ணன் தம்பிகள் தனியே ஒரு வீட்டை ஓட்டுகிறார்கள். இருபது வயது டாரி காலேஜ் ஆசையை விட்டுவிட்டுக் கூரை வேலைக்குப் போகிறான். கடைக்குட்டி போனிபாய்க்கு அண்ணனின் கண்டிப்பு மட்டும்தான் தெரிகிறது, அதற்குள் இருக்கிற பயம் தெரிவதில்லை. அவன் நண்பர்கள் ஜானி, டாலி இரண்டு பேரும் செத்துப் போகிறார்கள். ஆனாலும் அந்த வீடு உடையவில்லை. நம் குடும்பங்களில் டாரிகள் நிறையப் பேர் உண்டு, அவர்களைப் பற்றி எழுதத்தான் ஆள் குறைவு.

திருச்சி கபிலன்:

மீனா அக்கா, நான் காலேஜ் இரண்டாம் வருஷம். ஜேசன் ரெனால்ட்ஸோட ‘லாங் வே டவுன்’ (2017) படிக்கச் சொல்லுங்க. முழுக்கக் கவிதை வடிவம். அண்ணனைச் சுட்டவனைப் பழிவாங்கணும்னு வில் என்கிற பதினைஞ்சு வயசுப் பையன் இடுப்புல துப்பாக்கியோட லிஃப்டுல இறங்குறான். மாடிக்கு மாடி லிஃப்ட் நிக்குது, ஏறுறவங்க எல்லாம் முன்னாடியே செத்துப்போனவங்க. கீழ இறங்கினதும் என்ன செஞ்சான்னு ஆசிரியர் சொல்லவே இல்ல. புத்தகமே தொடாத என் ரூம்மேட் ஒரே மூச்சுல முடிச்சுட்டு, “அவன் சுட்டிருக்க மாட்டான்டா”ன்னு ராத்திரி பூரா வாதாடினான். கசப்பா முடியுறதைவிட இப்படி நம்ம கையில விட்டுட்டுப் போறது எனக்குப் பிடிக்கும்.

சங்கரி டீச்சர்:

ஈரோட்டு அக்கா சொன்னதில் பெரும்பகுதி சரி. ஆனால் எல்லாப் பிள்ளைக்கும் பொருந்தாது. வகுப்பில் தினமும் கேலிக்கும் அடிக்கும் ஆளாகிற பிள்ளையிடம் ‘சாக்லேட் வார்’ போனால், ‘எதிர்த்தால் இதுதான் நடக்கும்’ என்றுதான் அது படிக்கும். முதலில் அந்தப் பிள்ளை எந்த நிலையில் இருக்கிறது என்று பாருங்கள்.

சென்னையில் பிறந்த பத்மா வெங்கட்ராமனின் ‘க்ளைம்பிங் தி ஸ்டேர்ஸ்’ (2008) உங்கள் மகளுக்குப் பிடிக்கும். 1941, பம்பாய். ஒரு போராட்டத்தில் போலீஸ் அடித்ததில் வித்யாவின் அப்பாவுக்கு மூளை பாதிக்கப்படுகிறது. குடும்பம் மெட்ராஸில் தாத்தாவின் கூட்டுக் குடும்பத்தில் ஒண்ட வேண்டியதாகிறது. ஆண்கள் இருக்கும் மாடியில் ஒரு நூலகம், பெண்கள் கீழேதான். வித்யா அந்தப் படியேறிப் படிக்க அனுமதி வாங்குகிறாள். அப்பா கடைசிவரை பழையபடி ஆவதில்லை. அதைச் சரியாக்காமலேயே ஆசிரியர் அவளுக்கு ஒரு வழி திறந்து விடுகிறார்.

ஈரோடு வாடகை நூலகம்:

டீச்சர் சொல்வதை ஏற்கிறேன். நானும் ஆளைப் பார்த்துத்தான் கொடுப்பேன். ஆனால் மீனா, ஒன்று. முடிவை முன்கூட்டியே பார்த்து வடிகட்டிக் கொடுக்காதீர்கள். அவள் படிக்கிறதைக் கூடவே நீங்களும் படியுங்கள், இந்தத் தடவை படித்த மாதிரி.

மதுரை மீனா:

அக்கா, டீச்சர், கபிலன், மூவருக்கும் நன்றி. நேற்று மகளிடம் ஜெர்ரி ஏன் பத்து நாளுக்குப் பிறகும் மறுத்தான் என்று கேட்டேன். “அவன் லாக்கர்ல ஒட்டின போஸ்டரைக் கவனிச்சியாம்மா” என்று ஆரம்பித்தவள் பதினோரு மணி வரை நிறுத்தவில்லை. ஞாயிற்றுக்கிழமை கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்குப் போய் ‘அவுட்சைடர்ஸ்’ இருக்கிறதா என்று தேடப் போகிறோம். ‘சாக்லேட் வார்’ கதைக்கு 1985இல் இரண்டாம் பாகம் வந்திருக்கிறதாமே, அதை இப்போதே கொடுக்கலாமா, கொஞ்ச நாள் போகட்டுமா?

ஈரோடு வாடகை நூலகம்:

கொஞ்ச நாள் போகட்டும். முதலில் டாரியைப் பார்க்கட்டும்.