பலாலி வழியாக வந்தவர்களிடம் ஒரு உதவி

உறவுகளுக்கு வணக்கம். ரொறன்ரோவில் இருக்கும் மகளும் மருமகனும் இரு பேரப்பிள்ளைகளும் நல்லூர்த் திருவிழாவின் 25 நாட்களில் கடைசிப் பத்து நாட்களாவது எங்களோடு கோண்டாவிலில் நிற்க விரும்புகிறார்கள். கொழும்புப் பக்கம் கட்டுநாயக்கா விமான நிலையத்தில் இறங்கினால் சின்னவன் ஏழெட்டு மணித்தியாலம் வான் வண்டியில் சத்தி எடுத்துக்கொண்டே வருவான் என்பதால், சென்னையிலிருந்து நேரே யாழ்ப்பாணத்துப் பலாலி விமான நிலையத்துக்கு வரலாமா என்று யோசிக்கிறோம்.

எனது கவலை பொதிகளைப் பற்றியதுதான். கனடாவிலிருந்து ஆளுக்கு 23 கிலோ வீதம் இரண்டு பெட்டிகளோடு வருபவர்கள், சென்னையில் ஏடிஆர் ரகச் சிறிய விமானத்துக்கு மாறும்போது மேலதிக நிறையை என்ன செய்கிறீர்கள்? தனித்தனிப் பயணச்சீட்டு என்றால் சென்னையில் வெளியே வந்து பெட்டிகளை மீண்டும் ஒப்படைக்க வேண்டும், அதற்கு கனடாக் கடவுச்சீட்டில் இந்திய விசாவும் வேண்டும் என்பது தெரியும். ஒரே பயணச்சீட்டாக எடுத்து, பெட்டிகளைப் பலாலியிலேயே பெற்றவர்கள் இருக்கிறீர்களா?

திரும்பும்போது மனைவி இடித்து வைத்திருக்கும் மிளகாய்த்தூளும் ஒடியல்மாவும் மட்டுமே பத்துக் கிலோவைத் தாண்டும். குறைக்கச் சொல்லும் துணிவு எனக்கில்லை. அண்மையில் இவ்வழியே பயணித்தவர்கள் தங்கள் அனுபவத்தைக் கீழே எழுதினால், மருமகன் இவ்வாரமே பயணச்சீட்டைப் பதிவு செய்துவிடுவார்.