மலேசியா போனவர்கள் சொல்லுங்கள்: இமிகிரேஷன் கவுண்டரில் என்ன நடந்தது?

மலைக்காற்று

விசா தேவையில்லை என்று ஆன பிறகு போய் வந்தவர்கள் இங்கே நிறைய இருப்பீர்கள். கேஎல்ஐஏ, அதாவது கோலாலம்பூர் விமான நிலைய வரிசையைப் பற்றி நான் விளக்க வேண்டியதில்லை. எனக்குச் சொல்ல வேண்டியது எங்களுக்கு முன்னால் நின்ற பையனைப் பற்றி மட்டும்தான்.

இருபத்து மூன்று, இருபத்து நான்கு வயதிருக்கும். முதுகில் ஒரு சின்னப் பை. திரும்பும் டிக்கெட் கேட்டார்கள், காட்டினான். எங்கே தங்கப் போகிறாய் என்று கேட்டார்கள், நண்பர் அறையில் என்றான். முகவரி? போனை எடுத்தான். நண்பர் அதைப் படமாக அனுப்பியிருந்தார் போல. வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது, படம் திறக்கவில்லை. ரோமிங் போடவில்லை. சட்டென்று திரும்பி, "அண்ணா, ஹாட்ஸ்பாட் இருக்கா?" என்று என்னைக் கேட்டான். எங்களிடமும் நெட் இல்லை, வெளியே போய்த்தான் சிம் வாங்குவதாக இருந்தோம். அதிகாரி மறுபடி கேட்கவில்லை. பாஸ்போர்ட்டை மூடிக் கையில் வைத்துக்கொண்டு, ஓரமாக இருந்த அறையைக் காட்டினார்.

அடுத்து எங்கள் முறை. முத்திரை விழுந்தது, பெட்டிகளை எடுத்தோம், வெளியே வந்துவிட்டோம். அவனை உள்ளே விட்டார்களா, என்டிஎல் (நாட் டு லேண்ட், அதாவது நுழைய அனுமதி மறுப்பு) போட்டு அடுத்த விமானத்தில் ஏற்றிவிட்டார்களா, தெரியாது. பத்துமலைப் படியில் ஏறும்போதும் அவன் திரும்பிப் பார்த்த முகம்தான் கண்ணில் நின்றது.

பயணப்பை

உங்கள் வருத்தம் புரிகிறது, ஆனால் அந்த விமான நிலையத்தில் இலவச வைஃபை உண்டே. வரிசையில் நிற்கும்போதே இணைத்திருக்கலாம். என்னையும் கேட்டார்கள். ஹோட்டல் பதிவுத் தாளை நீட்டினேன், ஒரு பார்வை பார்த்துவிட்டு விட்டுவிட்டார்கள். என் கதை அவ்வளவுதான்.

இனிப் போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். 2023 டிசம்பர் 1 முதல் இந்தியர்களுக்கு 30 நாள் வரை விசா விலக்கு. அதை 2026 இறுதி வரை நீட்டித்திருக்கிறார்கள். விசா வேண்டாம் என்றால் கேள்வியே கேட்க மாட்டார்கள் என்று நினைக்காதீர்கள். விசா இருந்தால் தூதரகத்தில் பார்த்திருக்க வேண்டியதை இப்போது கவுண்டரிலேயே பார்க்கிறார்கள். பாஸ்போர்ட் இன்னும் ஆறு மாதமாவது செல்லுபடியாக வேண்டும். திரும்பும் டிக்கெட், தங்கும் இடம், செலவுக்குப் பணம் இருப்பதற்கான சான்று, மூன்றையும் காகிதத்தில் வைத்திருங்கள். நண்பர் வீடு என்றால் அவர் பெயர், முழு முகவரி, தொலைபேசி எண் எல்லாம் எழுதி வைத்திருக்க வேண்டும். எம்டிஏசி என்கிற டிஜிட்டல் வருகை அட்டையை, போய் இறங்குவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் நிரப்ப வேண்டும். ஒரு மாதம் முன்பே உட்கார்ந்து முயற்சி செய்யாதீர்கள். அப்புறம், ஹோட்டலில் வெளிநாட்டவருக்கு ஓர் அறைக்கு ஓர் இரவுக்கு 10 ரிங்கிட் சுற்றுலா வரி தனியாக வாங்குவார்கள். அது அரசு வரி, அதற்காக வரவேற்பில் சண்டை போட வேண்டாம். பிளக் நம் ஊர் மாதிரி இல்லை, பிரிட்டன் வகை, சதுரமான மூன்று முனை. அடாப்டர் கையோடு போகட்டும்.

இளைஞர்களைத் துருவிக் கேட்பதற்கும் காரணம் இருக்கிறது. சுற்றுலா என்று சொல்லி வேலைக்கு அனுப்பும் ஏஜென்ட்கள் இருக்கிறார்கள். அந்த 30 நாள் அனுமதியில் வேலை செய்யக் கூடாது.

கடல்நுரை

பயணப்பை அண்ணா, ஏஜென்ட் செய்கிற தப்புக்கு அந்தப் பையன் என்ன செய்வான்? திரும்பும் டிக்கெட் இருந்தது என்று மலைக்காற்று தெளிவாக எழுதியிருக்கிறார். முன்னால் நிற்கிற அதிகாரி கேள்வி கேட்கும்போது வைஃபை யாருக்கு ஞாபகம் வரும்?

எங்களுடையது வேறு மாதிரி. நாங்கள் மலேசியாவுக்கே போகவில்லை, பாலிக்குப் போகிற வழி. இரண்டு தனித்தனி டிக்கெட். கேஎல்ஐஏ டெர்மினல் 1-இல் இறங்கி 2-இலிருந்து ஏற வேண்டும். பெட்டியை எடுத்து மறுபடி செக்-இன் செய்ய வேண்டும் என்றால் இமிகிரேஷனைத் தாண்டி மலேசியாவுக்குள் நுழைந்துதான் ஆக வேண்டும். நுழைகிறோம் என்றால் எம்டிஏசி வேண்டும். அதை ஏறும் இடத்தில் யாரும் சொல்லவில்லை. வரிசையிலேயே நின்று என் கணவர் ஒவ்வொருவருக்காக போனில் நிரப்புகிறார், இடுப்பில் குழந்தை அழுகிறது, பாஸ்போர்ட் எண்ணை நான் வாசிக்க வாசிக்க அவருக்கு விரல் நடுங்குகிறது. அந்த நடுக்கத்தை இன்றைக்கும் மறக்க முடியவில்லை. விமானம் கிடைத்துவிட்டது. ஆனால் தனித்தனி டிக்கெட் எடுக்கிறவர்கள் இதைத் தெரிந்துகொண்டு, நடுவில் நிறைய நேரம் விட்டு எடுங்கள்.

ஈரச்சாரல்

சரவாக் மாநிலத் தலைநகர் கூச்சிங் போனவர்கள் யாரும் எழுதவில்லையே. போர்னியோ தீவில் இருக்கிற மலேசிய மாநிலங்களான சரவாக், சபா இரண்டுக்கும் இமிகிரேஷன் அதிகாரம் தனி. 1963-இல் மலேசியா உருவானபோதே அப்படித்தான் ஒத்துக்கொண்டு சேர்ந்தார்கள். கோலாலம்பூரிலிருந்து உள்நாட்டு விமானம்தான், ஆனால் இறங்கியதும் பாஸ்போர்ட்டை நீட்ட வேண்டும், தனியாக முத்திரை போடுவார்கள்.

கிளம்பும் அன்று காலையில் அப்பா ஹோட்டல் லாக்கரிலேயே பாஸ்போர்ட்டை வைத்துவிட்டுப் போகலாம் என்றார். "உள்நாடுதானே, எதுக்குத் தொலைச்சிட்டு நிக்கணும்?" அம்மாதான் பிடிவாதமாக எடுத்துப் பையில் போட்டார். அம்மா அதிகம் படித்தவர் இல்லை, ஆனால் ஊர் எல்லை தாண்டினால் எல்லாக் காகிதமும் கூட இருக்க வேண்டும் என்பது அவர் கணக்கு. கூச்சிங்கில் முத்திரை விழும் சத்தம் கேட்டு அப்பா அம்மாவைத் திரும்பிப் பார்த்தார். இருவரும் ஒன்றும் பேசவில்லை.

நெடுஞ்சாலை

எம்டிஏசி பற்றி எல்லோரும் எழுதுகிறீர்கள், அது இலவசம் என்று ஒருவரும் எழுதவில்லை. எங்கள் அக்கா தேடலில் மேலே வந்த தளத்தைத் திறந்திருக்கிறார். சின்னம், கொடி எல்லாம் அரசுத் தளம் மாதிரியே. கடைசிப் பக்கத்தில் கட்டணம் என்று கார்டு விவரம் கேட்டது. அக்கா எண்ணைப் போட்டுவிட்டு, ஓடிபி வந்ததும் எனக்குப் போன் செய்தார். "தம்பி, டாலர்ல கேக்குதுடா, குடுக்கலாமா?" அந்த ஒரு கேள்வி கேட்டதால் தப்பினார். அன்றைக்கே கார்டை முடக்கிப் புதிது வாங்கினோம். பாஸ்போர்ட் விவரம் போனது போனதுதான், அதுதான் எனக்கு இன்னும் உறுத்துகிறது. மலேசிய இமிகிரேஷன் துறையின் தளத்தில் மட்டும் நிரப்புங்கள். பணம் கேட்டால் உடனே மூடிவிடுங்கள்.

மலைக்காற்று

கடல்நுரை, நன்றி. நான் எழுத நினைத்ததை நீங்கள் எழுதிவிட்டீர்கள். பயணப்பை சொன்ன காகித விஷயம் சரிதான், அதை மறுக்கவில்லை.

புதுவரவு

அடுத்த மாதம் போகிறோம். மலேசிய எல்லையில் இருக்கிற ஜொகூர் பாருவிலிருந்து பகலில் சிங்கப்பூர் போய்விட்டு மாலையில் திரும்பலாமா?

ஈரச்சாரல்

இந்திய பாஸ்போர்ட் என்றால் சிங்கப்பூருக்கு விசா வேண்டும், கிளம்பும் முன்பே எடுத்துவிடுங்கள். அவர்களுடைய எஸ்ஜி அரைவல் கார்டு என்கிற வருகை அட்டையும் தனியாக நிரப்ப வேண்டும், அதுவும் இலவசம். திரும்பி ஜொகூருக்குள் வருவது புது நுழைவு, அதனால் எம்டிஏசி மறுபடி நிரப்ப வேண்டும். வெள்ளிக்கிழமை மாலையில் மட்டும் பாலத்தைக் கடக்காதீர்கள், கூட்டத்தில் மணிக்கணக்கில் நிற்க வேண்டி வரும்.