குத்துக்கோட்டின் சமன்பாடு விடையோடு ஒத்துவரவில்லை, எங்கே தவறு?

கேள்வி (தனித்தேர்வர்):
வணக்கம். பத்தாம் வகுப்பைத் தனித்தேர்வராக எழுதப் போகிறேன். பகலில் வேலை, இரவில்தான் படிப்பு. மூன்று நாளாக ஒரே கணக்கில் நிற்கிறேன்.

முக்கோணத்தின் முனைகள் ஏ (2, 8), பி (−2, 1), சி (6, 5). ஏ-யிலிருந்து பிசி பக்கத்துக்குச் செங்குத்தாக வரையும் கோட்டின், அதாவது குத்துக்கோட்டின், சமன்பாடு வேண்டும். பிசியின் சாய்வுக்கு மேலே ஒய் வித்தியாசம் 5 − 1 = 4, கீழே எக்ஸ் வித்தியாசம் 6 − 2 = 4, ஆக 1 என்று போட்டேன். அப்படியானால் குத்துக்கோட்டின் சாய்வு −1. எக்ஸ் + ஒய் − 10 = 0 வருகிறது. விடையில் 2எக்ஸ் + ஒய் − 12 = 0 என்று இருக்கிறது. செங்குத்தான இரண்டு கோடுகளின் சாய்வுகளைப் பெருக்கினால் −1 வர வேண்டும் என்பது விதி. எனக்கும் −1 வருகிறதே, அப்புறம் எப்படித் தவறு?

பதில் 1:
பிசியின் நடுப்புள்ளியை ஏ-யோடு சேருங்கள், வந்துவிடும்.

பதில் 2 (ஓய்வுபெற்ற கணித ஆசிரியர்):
அது நடுக்கோடு, குத்துக்கோடு இல்லை. நடுப்புள்ளி (2, 3). ஏ-யோடு சேர்த்தால் நேர்மேலே நிற்கும் கோடுதான் கிடைக்கும்.

தம்பி, உங்கள் முறை சரி. கழித்தலில்தான் சறுக்கியிருக்கிறீர்கள். 6-லிருந்து −2-ஐக் கழித்தால் 8. பிசியின் சாய்வு 4/8, அதாவது 1/2. தலைகீழாக்கிக் குறியை மாற்றினால் −2. ஏ வழியாகப் போட்டால் ஒய் − 8 = −2(எக்ஸ் − 2). விடை வந்துவிட்டது.

சாய்வுகளின் பெருக்கல் விதியில் அந்த −1 எங்கிருந்து வருகிறது என்று ஒருமுறை கட்டம் போட்ட தாளில் பாருங்கள், பிறகு மறக்கவே மறக்காது. பி-யிலிருந்து சி-க்கு 8 கட்டம் வலப்புறம், 4 கட்டம் மேலே. இந்த நடையை அப்படியே கடிகாரத் திசையில் 90 பாகை திருப்புங்கள். வலப்புறம் போன 8 இப்போது கீழே இறங்கும். மேலே போன 4 வலப்புறம் போகும். சாய்வு −8/4. பின்னம் தலைகீழானதும் குறி மாறியதும் இந்த ஒரே திருப்பத்தால்தான். ஏ-யிலிருந்து அதே திசையில் 2 வலம், 4 கீழ் போனால் (4, 4). அந்தப் புள்ளி பிசியின் மேலேயே இருக்கிறது.

தனித்தேர்வர்:
வரைந்து பார்த்தேன் ஐயா, சரியாக (4, 4)-இல் போய் உட்கார்ந்தது! இன்னொரு சந்தேகம். பிசி கிடைமட்டமாக இருந்தால் சாய்வு 0. எதைப் பெருக்கினாலும் −1 வராதே?

ஓய்வுபெற்ற ஆசிரியர்:
நல்ல கேள்வி. அங்கே அந்த விதி செல்லாது. நிமிர்ந்து நிற்கும் கோட்டுக்குச் சாய்வை வரையறுக்க முடியாது. முனையின் எக்ஸ் மதிப்பை எடுத்து எக்ஸ் = 2 என்பதுபோல் நேரடியாக எழுதிவிடுங்கள்.

பதில் 3:
இலங்கையில் நாங்கள் சாய்வைப் படித்திறன் என்போம். பயிற்சிக் கணக்குகள் தேடும்போது அந்தச் சொல்லையும் போட்டுப் பாருங்கள், நிறையக் கிடைக்கும்.

தனித்தேர்வர்:
நன்றி. பி-யிலிருந்தும் போட்டேன். ஏசியின் சாய்வு −3/4, குத்துக்கோட்டுக்கு 4/3. 4எக்ஸ் − 3ஒய் + 11 = 0. சரியா ஐயா?

ஓய்வுபெற்ற ஆசிரியர்:
சரி. பி-யின் மதிப்புகளைப் போட்டால் −8 − 3 + 11 = 0. சி-யிலிருந்தும் போடுங்கள் தம்பி, பார்த்துச் சொல்கிறேன்.