தனி ஊராட்சியில் பெண் தலைவர்: பதவி இருக்கிறது, கையெழுத்து யாரிடம்?

செல்வம்:
தமிழ்நாட்டில் 2016-ல் உள்ளாட்சியில் பெண்களுக்கு 50 சதவீதம் ஒதுக்கினார்கள். பட்டியலினப் பெண்களுக்கும் அதில் பங்கு உண்டு. ஆனால் நான் பார்த்த தனி ஊராட்சிகளில், அதாவது தலைவர் பதவி பட்டியலினத்தவருக்கு ஒதுக்கப்பட்ட ஊராட்சிகளில், தலைவர் பெயர்ப் பலகையோடு சரி. கூட்டம் நடத்துவது கணவர், அவரை ஆட்டி வைப்பது ஊர்ப் பெரிய மனிதர். முதலில் படிப்பும் நிலமும் வரட்டும், பதவி தானாக வரும்.

மலர்விழி:
தானாக வருவதென்றால் 1996-ல் ஒதுக்கீடு வருவதற்கு முன்பே வந்திருக்க வேண்டுமே, அண்ணா? மதுரை மாவட்டத்தில் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் தனி ஊராட்சிகளான பிறகு, ஆதிக்கச் சாதியினர் 2006 வரை அங்கே முறையாகத் தேர்தல் நடத்தவே விடவில்லை. பொம்மைப் பதவிக்கா பத்து வருடம் இவ்வளவு மல்லுக்கட்டினார்கள்?

கணவர் தலையீடு எல்லாச் சாதியிலும் இருக்கிறது. தனி ஊராட்சியில் பெரிய சிக்கல் காசோலை. தலைவரும் துணைத் தலைவரும் சேர்ந்து கையெழுத்துப் போட்டால்தான் பணம் நகரும். துணைத் தலைவர் பதவிக்கு ஒதுக்கீடு கிடையாது. வார்டு உறுப்பினர்கள் தேர்ந்தெடுப்பதால் பெரும்பாலும் ஆதிக்கச் சாதிக்காரரே வந்துவிடுகிறார். அவர் இழுத்தடித்தால் தெருவிளக்குகூட மாற்ற முடியாது. ஊர் திட்டுவது தலைவரை. "பொம்பளைக்கு நிர்வாகம் தெரியல" என்ற பேச்சு இப்படித்தான் கிளம்புகிறது.

செல்வம்:
செக் விஷயத்தை நான் யோசிக்கவில்லை. ஆனால் 2020-ல் கடலூர் மாவட்டம் தெற்குத் திட்டையில் பெண் தலைவரைத் தரையில் உட்கார வைத்தார்களே. ஒதுக்கீடு அவருக்கு வாங்கிக் கொடுத்தது அவமானம்தானே?

கதிர்:
அந்த அவமானம் அதற்கு முன்பும் இருந்தது. அவர் தலைவர் என்பதால்தான் படம் வெளியே வந்தது, வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்கும் பதிவானது. கூலிக்குப் போன இடத்தில் தரையில் உட்கார்ந்திருந்தால் யார் கேட்டிருப்பார்கள்?

எனக்கு வேறொரு கவலை. மேற்கு வங்க ஊராட்சிகளில் நடந்த ஆய்வில், அடுத்தடுத்து இரண்டு முறை பெண்களுக்கு ஒதுக்கிய ஊர்களில் பிறகு ஒதுக்கீடு இல்லாத பொது இடங்களிலும் பெண்கள் அதிகமாக வென்றது தெரிந்தது. ஆனால் அது பொதுவாகப் பெண்களின் கணக்கு. சுழற்சியில் ஒதுக்கீடு வேறு ஊருக்குப் போய்விட்டால், அதே ஊரில் பொது இடத்துக்கு நிற்கும் பட்டியலினப் பெண்ணுக்கு யார் ஓட்டுப் போடுவார்கள்?

மலர்விழி:
அதனால்தான் கேட்கிறேன். பதவியில் இருக்கும் ஐந்து வருடமாவது அவர் வேலை செய்து காட்ட வேண்டாமா? தனி ஊராட்சிகளில் துணைத் தலைவர் கையெழுத்தை எடுத்துவிட்டு, ஓர் அரசு அலுவலரிடம் கொடுக்கட்டும். தாமதித்தால் அவரிடம் விளக்கம் கேட்க வழி உண்டு.

செல்வம்:
கையெழுத்தை மாற்ற எனக்குச் சம்மதம், தங்கச்சி. கணவர் நாற்காலியில் உட்காருவதை அது தடுக்காது என்றுதான் இப்போதும் நினைக்கிறேன்.