போட்டோஷாப்பில் யூனிகோட் தமிழை ஒட்டினால் கொம்பு இடம் மாறுகிறது: எங்கே சரிசெய்வது?

பிளக்ஸ்_பட்டறை கேட்டது:

வாட்ஸ்அப்பில் வரும் வாசகத்தை காப்பி செய்து போட்டோஷாப்பில் ஒட்டினால் 'கோவில்' என்பதில் இரட்டைக்கொம்பு க-வுக்கு வலது பக்கம் போய் நிற்கிறது. 'கு', 'டி' எல்லாம் ஒட்டாமல் தனித்தனியாக வருகின்றன. அதே வரி நோட்பேடிலும் குரோமிலும் சுத்தமாக இருக்கிறது. லதா, நிர்மலா யூஐ, நோட்டோ சான்ஸ் தமிழ் என்று மாற்றியும் பயனில்லை. பழைய பாமினி ஃபான்டில் அடித்தால் எதுவும் உடைவதில்லை. விண்டோஸ் 10, போட்டோஷாப் சிசி 2019. இல்லஸ்ட்ரேட்டரிலும் இதே நிலைதான். ஃபான்ட் கோளாறா, சாஃப்ட்வேர் கோளாறா?

எழுத்துரு_ஆள் பதில்:

ஃபான்ட் மேல் பழி இல்லை ப்ரோ. நீங்கள் சொன்ன மூன்றும் நல்ல ஃபான்ட்தான். போட்டோஷாப் இப்போது ஆங்கிலத்துக்கும் சீன, ஜப்பானிய எழுத்துக்கும் ஆன டெக்ஸ்ட் எஞ்சினில் (எழுத்துகளை அடுக்கிக் காட்டும் பகுதி) ஓடுகிறது, அவ்வளவுதான்.

எடிட் > பிரிஃபரன்சஸ் > டைப் போங்கள். அங்கே டெக்ஸ்ட் எஞ்சின் ஆப்ஷன்ஸ் இருக்கும். 'ஈஸ்ட் ஏசியன்' என்பதை எடுத்துவிட்டு 'மிடில் ஈஸ்டர்ன் அண்ட் சவுத் ஏசியன்' தேர்வு செய்யுங்கள் (சில பதிப்புகளில் 'வேர்ல்டு-ரெடி லேஅவுட்' என்று எழுதியிருக்கும்). மூடித் திறந்து, புது ஃபைலில் புது டெக்ஸ்ட் லேயர் போட்டு ஒட்டிப் பாருங்கள். அப்படியும் சரியாகவில்லை என்றால் பாராகிராஃப் பேனலின் வலது மேல் மூலையில் உள்ள மெனுவைத் திறந்து 'வேர்ல்டு-ரெடி' என்ற பெயரில் வரும் கம்போசரை (வரிகளை அமைக்கும் முறை) தேர்வு செய்யுங்கள்.

இல்லஸ்ட்ரேட்டரில் பிரிஃபரன்சஸ் > டைப் > 'ஷோ இண்டிக் ஆப்ஷன்ஸ்' டிக் செய்தால்தான் பாராகிராஃப் பேனல் மெனுவில் தெற்காசிய கம்போசர் கண்ணில் படும். இன்டிசைனில் எந்த ஃபைலும் திறக்காமல் 'அடோபி வேர்ல்டு-ரெடி பாராகிராஃப் கம்போசர்' போட்டுவிட்டால், அதன்பின் திறக்கும் புது ஃபைல் எல்லாவற்றுக்கும் அதுவே இருக்கும்.

பிளக்ஸ்_பட்டறை:

புது ஃபைலில் பளிச்சென்று வந்துவிட்டது, நன்றி. ஆனால் பழைய பிஎஸ்டி (போட்டோஷாப் ஃபைல்) ஒன்றில் இன்னும் உடைந்தே இருக்கிறது. இன்னொன்றில் விநோதம்: எஞ்சின் மாற்றிய பிறகு 'செல்வி' என்ற பெயரில் கொம்புக்குப் பக்கத்தில் புள்ளிகளால் ஆன வட்டம் வருகிறது.

ஹார்ப்பஸ்_கிறுக்கன் பதில்:

இரண்டும் வேறு வேறு நோய்.

பழைய பிஎஸ்டி: பிரிஃபரன்ஸ் மாற்றம் இனிமேல் உருவாக்கும் லேயருக்குத்தான். ஏற்கெனவே இருக்கும் லேயர் தன் பழைய கம்போசரைப் பிடித்துக்கொண்டிருக்கும். லேயரைத் தேர்ந்து பாராகிராஃப் மெனுவில் மாற்றுங்கள்.

புள்ளி வட்டம்: யாரோ முன்பு கையால் 'சரிசெய்து' வைத்த எழுத்து அது. யூனிகோடில் எழுத்து சேமிக்கப்படுவது நாம் உச்சரிக்கும் வரிசையில். 'செ' என்றால் முதலில் ச, பிறகு ஒற்றைக்கொம்பு. கொம்பைத் தூக்கி இடப்பக்கம் வைப்பது காட்டும் நேரத்தில் எஞ்சின் செய்கிற வேலை. ஒ, ஓ, ஔ குறிகளை இரண்டாக உடைத்து மெய்க்கு இருபுறமும் வைப்பதும் அதுவே. எஞ்சின் சரியில்லாதபோது கண்ணுக்குச் சரியாகத் தெரியட்டும் என்று கொம்பை முன்னால் அடித்துவிடுவார்கள். எஞ்சினைச் சரிசெய்ததும் அந்தக் கொம்புக்கு முன்னால் மெய் இல்லை, அதனால் காலி இடத்தைக் காட்ட வட்டம் போடுகிறது. அந்த வரியை அழித்துவிட்டு வாடிக்கையாளர் அனுப்பிய மூல வாசகத்தைத் திரும்ப ஒட்டுங்கள். பெயர், ஊர் எல்லாவற்றையும் ஒருமுறை பாருங்கள், ஒரே இடத்தில் மட்டும் இப்படிச் செய்திருக்க மாட்டார்கள்.

எழுத்துரு_ஆள்:

பாமினி ஏன் உடையவில்லை என்று கேட்டீர்களே. அங்கே கம்ப்யூட்டருக்குத் தெரிவது ஆங்கில எழுத்துகள்தான், அவற்றின் மேல் தமிழ் உருவம் ஒட்டப்பட்டிருக்கிறது. கொம்பையும் நாமே முன்னால் அடிக்கிறோம், எஞ்சினுக்கு வேலையே இல்லை. அச்சகத்துக்கு அது வசதி. ஆனால் அதே வாசகத்தை வெப்சைட்டில் போட்டாலோ தேடினாலோ வருவது ஆங்கிலக் குப்பை. தமிழ்நாடு அரசு 2010-ல் யூனிகோடோடு சேர்த்துத் தரமாக அறிவித்த டேஸ்16 என்ற எழுத்துக் குறியீடு வேறு வழி: ஒவ்வொரு உயிர்மெய்க்கும் தனி எண் என்பதால் மந்த எஞ்சினிலும் சரியாக வரும். ஆனால் அந்த எண்கள் யூனிகோடின் தனிப்பயன் பகுதியில் இருப்பதால், ஃபான்ட் இல்லாத போனில் கட்டம் கட்டமாகத்தான் தெரியும். புது வேலைக்கு யூனிகோடே போதும் என்பது என் கருத்து.

இன்னொன்று: தலைப்பைத் தடிக்கக் காட்ட 'ஃபாக்ஸ் போல்டு' பட்டனை அழுத்தாதீர்கள். ஞ, ண, ஐ போன்றவற்றின் சுழிகள் அடைத்துக்கொள்ளும். நோட்டோ சான்ஸ் தமிழில் மெல்லியதிலிருந்து மிகத் தடித்தது வரை 9 எடைகள் இலவசமாகவே கிடைக்கின்றன.

சான்றிதழ்_ஸ்கிரிப்ட்:

இதே இழையில் கேட்டுவிடுகிறேன். பைதானில் பில்லோ (படங்களைக் கையாளும் லைப்ரரி) வைத்து சான்றிதழ்களில் பெயர் அச்சடிக்கிறோம். அங்கேயும் கொம்பு பின்னால் போகிறது. இங்கே மெனுவும் இல்லையே?

ஹார்ப்பஸ்_கிறுக்கன் பதில்:

பில்லோவில் 'பேசிக்', 'ராக்ம்' என்று இரண்டு லேஅவுட் எஞ்சின்கள். முதலாவது எழுத்துகளை வந்த வரிசையில் அடுக்கிவிட்டுப் போய்விடும். இரண்டாவதுதான் எழுத்துகளைச் சரியான உருவத்தில் அடுக்கும் ஹார்ஃப்பஸ் என்ற லைப்ரரியைக் கூப்பிட்டுத் தமிழைக் கோக்கும். ராக்ம் இருந்தால் பில்லோ தானாகவே அதை எடுத்துக்கொள்ளும், இல்லாவிட்டால் சத்தமில்லாமல் பேசிக்குக்கு இறங்கிவிடும்.

8.2 பதிப்பு முதல் பிப் (பைதானின் பேக்கேஜ் இன்ஸ்டாலர்) வழியாக வரும் பில்லோவிலேயே ராக்ம் இருக்கிறது. ஆனால் ஓடும்போது ஃப்ரிபிடி என்ற இன்னொரு லைப்ரரியைத் தேடும், அது நம் மெஷினில் இருக்க வேண்டும். உபுண்டுவில் பேக்கேஜாக ஏற்றிக்கொள்ளலாம். விண்டோஸில் ஃப்ரிபிடி டிஎல்எல் கோப்பைத் தேடல் பாதையில் வைக்க வேண்டும், பலர் மாட்டிக்கொள்வது இங்கேதான். டெர்மினலில் பில்லோவின் நிலவர அறிக்கையை ஓட்டி, ராக்ம் வரியில் 'ஓகே' இருக்கிறதா என்று பாருங்கள்.

பிளக்ஸ்_பட்டறை:

பழைய லேயர்களும் சரியாகிவிட்டன. பிரஸ்ஸுக்கு அனுப்பும்போது அங்கே எஞ்சின் மாற்றாமல் இருந்தால் திரும்ப உடையுமா?

எழுத்துரு_ஆள்:

ஃபான்ட் உள்ளடக்கிய பிடிஎஃப் என்றால் பயமில்லை. பிஎஸ்டி, ஏஐ (இல்லஸ்ட்ரேட்டர் ஃபைல்) ஆகவே கேட்டால் ரிஸ்க்: அங்கே ஃபான்ட் இல்லாமல் வேறொன்று ஏறினால் எழுத்து மாறிவிடும். ஒரு காப்பி எடுத்து, அதில் மட்டும் போட்டோஷாப் என்றால் டைப் > கன்வர்ட் டு ஷேப், இல்லஸ்ட்ரேட்டர் என்றால் கன்ட்ரோல் + ஷிஃப்ட் + ஓ கொடுத்து அனுப்புங்கள். எழுத்து உருவமாகிவிடும், பிறகு திருத்த முடியாது. அதனால் புரூஃப் ஓகே ஆன பிறகே இதைச் செய்யுங்கள்.